சோப்பில் ஒட்டிய சேறு

மீன்வளத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுடைய பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் வந்து பேசிய ஆலோசகர் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தெரியாமல் சொன்னதல்ல. தெரிந்தே சொன்னது. அந்த வேலை நடந்தபோது அவர் என் மேலதிகாரி. நான் அவருக்குக் கீழே களப் பணியாளன். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் கடலோரக் குப்பம் ஒன்றுக்காக நாங்கள் கடலடியில் போட்ட செயற்கைப் பார் தோற்றுப்போனது. அதற்கு மீனவர்கள்தான் காரணம், அவர்கள் காட்டிய இடத்தில்தான் போட்டோம், பிறகு அவர்களே வலை விரித்துக் கெடுத்தார்கள் என்று கையேட்டில் அச்சடித்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். உங்களில் ஒரு பெண் வில்லியனூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பேச்சுவாக்கில் அந்தக் கையேட்டைப் படிக்கக் கொடுத்தார். படித்த கோபத்தில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். ஆனால் அந்தக் குப்பத்துக் கரையில் இரண்டாவது தவணைக்கான சிமெண்ட் கட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன. அதே இடத்தில் போடப் போகிறார்கள். போடப் போகிறவர்கள் நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறை. பார் இருந்தால் அதில் பாசியும் சிப்பியும் ஒட்டும், குஞ்சு மீன் ஒளியும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். நம் கரையோரத்தில் பல வருஷமாக இழுவலைப் படகுகள் அடிமண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் குஞ்சு ஒளிய இடமில்லாமல் ஆக்கிவிட்டன. சிமெண்ட் கட்டைகளைப் போட்டு ஒரு பார் உண்டாக்கினால் இரண்டு நன்மை. மீன் தங்கும். வலை கிழியும் என்ற பயத்தில் இழுவலைக்காரன் அந்தப் பக்கம் வர மாட்டான். சின்ன பைபர் படகு வைத்துப் பிழைக்கிற அந்தக் குப்பத்துக்கு இது வேலி மாதிரி. அவர்கள்தான் மனு மேல் மனு கொடுத்துக் கேட்டார்கள். கேட்டு வாங்கியதை அவர்களே கெடுத்தார்கள் என்று எழுதக் கை கூச வேண்டாமா?

நான் மடுகரைக்காரன். எங்கள் வீட்டில் நெல்லும் கரும்பும்தான். இந்த வேலையில் சேர்கிற வரைக்கும் கடலில் கால் நனைத்தது மாசி மகத்துக்கு மட்டும். இதைச் சொல்வது அடக்கத்துக்காக இல்லை. பின்னால் இது என் குற்றத்தைக் கூட்டும், பாருங்கள்.

எங்கே போடுவது என்று முடிவு செய்ய அந்தக் குப்பத்து மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். மைக் வைத்தோம். மேஜையில் கடல் வரைபடத்தை விரித்தோம். பஞ்சாயத்தார் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். மேலதிகாரி, "எங்க போடலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார். பஞ்சாயத்தாரில் ஒருவர், "நீங்க எங்க போட்டாலும் சம்மதம் சார்" என்றார்.

மேலதிகாரி பென்சிலை எடுத்து வரைபடத்தில் ஓரிடத்தில் வைத்தார். கரையிலிருந்து படகு போய்வர வசதியான தூரம். அதற்கு மேல் அந்த இடத்துக்கு ஒரு காரணமும் கிடையாது.

"இங்க போடலாமா?"

"நல்ல எடம் சார்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். உடனே மொத்தக் கொட்டகையும் கை தட்டியது. இரண்டு பேர் சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டு, கூட்டப் பதிவேட்டில் 'ஒருமனதாக' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதியதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் தீரவில்லை. ஒரு கூட்டத்தில் ஒரே ஒருத்தர்கூடச் சண்டை போடவில்லை என்றால் அங்கே யாரும் உண்மை பேசவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் பங்கு போட்டால் மண்டை உடையும். இது அதைவிடப் பெரிய விஷயம். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உறைக்கவில்லை.

கட்டைகளைப் போடும் நாள் வந்தது. கரையில் பந்தல், நாற்காலி, மாலை. கட்டைகளை ஏற்றிய மிதவைக் கப்பல் பின்னால் வர, இடத்தைக் காட்டி மிதவைக் கொடி போடுவதற்கு நான் முன்னால் போனேன். சேகர் என்பவரின் பைபர் படகு. என் வயதுதான் அவருக்கு. நாக்கு முள் மாதிரி. கூட்டத்தில் கை தட்டாமல் தூணில் சாய்ந்து நின்றவர்.

ஜி.பி.எஸ். கருவி இடம் வந்துவிட்டது என்று சொன்னது. சேகர் இன்ஜினை நிறுத்தினார். பலகைக்கு அடியிலிருந்து கயிறு கட்டிய ஈயக்குண்டு ஒன்றை எடுத்தார். குண்டின் அடிப்பக்கம் ஒரு குழி. அடிமண் ஒட்டிக்கொண்டு வருவதற்காக அதில் துணி துவைக்கிற நீல சோப்பை அழுத்தி வைத்திருந்தார். கயிற்றை விட்டு, எட்டு ஆள் ஆழத்தில் தரை தட்டியதும் இழுத்து, குண்டைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார். சோப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசியிருந்தது.

"இன்னா இது?" என்றேன்.

"சேறு. வெண்ண மாதிரி சேறு. இதுல சிமெண்ட போட்டா கீழ போயிக்கினே இருக்கும். எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது சார்."

"கூட்டத்துல நீ சொல்லலியே?"

"கூட்டத்துல யாரு கேட்டா? பென்சிலு தான பேசிச்சு."

நான் பதில் பேச இடம் கொடுக்காமல் இன்னொரு முறை குண்டை இறக்கினார். அதே சேறு. படகைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் இறக்கினார். அதே சேறு. நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டிய வயலில் ஒரு கல்லை வைத்தால் மறுநாள் அது எங்கே இருக்கும் என்று மடுகரையில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சோப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

போன் எடுத்தேன். கரையிலிருந்த மேலதிகாரி எடுத்தார்.

"சார், அடியில சேறா இருக்குது. கப்பல நிறுத்தட்டுமா?"

"எதுல பாத்த?"

"சோப்புல சார்."

"இன்னாது?"

"ஈயக்குண்டுல சோப்பு வெச்சு..."

"யோவ், இங்க ஆளுங்க மாலையோட நிக்கறாங்க. நீ நடுக்கடல்ல சோப்பு வாசன புடிச்சிக்கினு இருக்கியா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க. போடச் சொல்லு. நான் பொறுப்பு."

மிதவைக் கப்பலில் இருந்தவர்கள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினால் போடுவார்கள் என்பது ஏற்பாடு. சேகரும் என் கையைப் பார்த்தார்.

தூக்கினேன்.

முதல் கட்டை தண்ணீரில் விழுந்ததும் கரையில் வெடி வெடித்தார்கள். சேகர் அந்தக் குண்டைத் தண்ணீரில் அலசி, கழுவி, பலகைக்கு அடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "டீ குடிக்கறியா சார்?" அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

'நான் பொறுப்பு' என்று போனில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது காற்று. கட்டை விழுகிற இடத்தில் நிற்பவன் யாரோ அவன்தான் பொறுப்பு. நிறுத்துவதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பார்கள். கையைத் தூக்காமல் இருக்க என்ன அதிகாரம் வேண்டும்? மிஞ்சிப் போனால் மெமோ கொடுத்திருப்பார்கள். நான் அந்த ஒரு மெமோவுக்குப் பயந்தேன். அதற்காக ஒரு குப்பத்தின் வேலியைச் சேற்றில் போட்டேன்.

அந்த வருஷ மழை முடிந்து கடல் தெளிந்ததும் முக்குளிப்பவர் ஒருவரை இறக்கிப் பார்த்தோம். கட்டைகள் புதைந்து கிடந்தன. சில மட்டும் சாய்ந்து, மூலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீன் தங்குவதற்குப் பொந்து இல்லை. வலையைக் கிழிப்பதற்கு மூலை இருந்தது. முதலில் கிழிந்தது இழுவலைக்காரன் வலை இல்லை. சேகர் வலை. நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டது. பாதி வலையோடு கரைக்கு வந்தார். நான் நிற்பதைப் பார்த்து ஏலக் கொட்டகையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சார் போட்ட பாருல மீனு மாட்டல. நான்தான் மாட்டுனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்க முடியுமா?

மேலதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். தடை செய்யப்பட்ட இடத்தில் மீனவர்கள் வலை விரித்ததால் அமைப்பு சேதமடைந்தது என்று. அதன் கீழே இரண்டாவது கையெழுத்து என்னுடையது. கையேட்டில் நீங்கள் படிக்கிற பொய் அங்கேதான் பிறந்தது. அதைப் பெற்றவர்களில் நானும் ஒருவன்.

என்னைத் திருத்தியது பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்கிற ஓர் அம்மாள். அந்தக் குப்பத்துக்காரர். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. வழக்கமாக அவரிடம்தான் மீன் வாங்குவேன். அந்த வாரம் போனேன். கூடையைத் துணியால் மூடிவிட்டார்.

"உனக்கு மீனு இல்ல சார். சேத்துல போட்டு வெச்சிருக்கியே, அங்க போயி எடுத்துக்கோ."

"அம்மா, எல்லாரும் கைதட்டித்தான் போட்டோம்."

"ஆமாமா. தட்டுவானுங்க. உன் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ள பாத்து வெச்சிருக்க. முடிவாவறதுக்கு முன்னாடி அந்த வூட்டு அட்ரஸ மைக் புடிச்சு ஊருக்கே சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் அவன் மட்டும் மீனு இருக்கற எடத்த மைக்குல சொல்லுவானா? எங்க வூட்டுக்காரரு எங்கிட்டயே சொன்னதில்ல. வடக்க போறேன்னாருன்னா தெக்க போறாருன்னு நானா புரிஞ்சிக்கணும். உங்க ஆபீசரு பென்சில வெச்ச எடம் எவனோட எடமும் இல்ல. அப்பாடா, என் எடம் தப்பிச்சுதுன்னு ஒவ்வொருத்தனும் தட்டுனான். நீ அத சம்மதம்னு எழுதிக்கினு போயிட்ட."

எத்தனை வருஷம் அந்தக் கரையில் திரிந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவில்லை. கடலில் தன் இடத்தை ஒருத்தன் கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டான். அவனை ஊர் நடுவில் நிறுத்தி, மைக்கை நீட்டி, எங்கே என்று கேட்டது எங்கள் முட்டாள்தனம். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று பென்சிலை வைத்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். அவர்கள் கை தட்டியதும் தப்புதான், அதையும் நான் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் தப்பு என்பது வேறு, நாசவேலை என்று பழி போடுவது வேறு.

"அப்ப யாரத்தான் கேக்கறது?" என்றேன்.

"வலைய யாரு ஒதறி சுத்தம் பண்றா? நாங்க தான? சிப்பி ஒட்டிக்கினு வந்தா பாரு பக்கம் போயிருக்காரு. சாம்ப சேறு நாறுச்சுன்னா உன் எடத்து பக்கம் போயிருக்காரு. ஆம்பளைங்க வாயி சொல்லாட்டி போவுது, வல சொல்லும்."

அன்றைக்கு மீன் கொடுக்கவில்லை. அடுத்த வாரம்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் கூட்டம் போடவே இல்லை. ஒவ்வொருவராகத் தனியாகப் பார்த்தேன். கேள்வியையும் மாற்றினேன். எங்கே போடலாம் என்று கேட்கவில்லை. எங்கே போடக் கூடாது என்று கேட்டேன். சேகரிடம் கேட்டபோது, "இப்பதான் சார் நீ ஒரு கேள்வி கேட்ட" என்றார். போடக் கூடாத இடத்தைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை. இங்கே வலை ஓடும் தடம், அங்கே ஆற்றுத் தண்ணீர் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் இடம் என்று சொன்னார்கள். தன் இடத்தையும் அதோடு சேர்த்து, காரணம் சொல்லாமல், கூடாது என்று அடித்துவிட்டார்கள். அடித்தால் என்ன? எனக்கு மிச்சம்தானே வேண்டும். பிறகு அந்த அம்மாளும் அவரோடு வலை சுத்தம் செய்கிற பெண்களும், மிச்சம் இருந்த பக்கங்களில் எங்கே போய் வந்த வலையில் என்ன ஒட்டியிருந்தது என்று சொன்னார்கள். கடைசியில் சேகர் படகில் போய் சோப்பை இறக்கினோம்.

சேறு, சேறு, சேறு. அப்புறம் ஒரு தரம் குண்டு மேலே வந்ததும் சேகர் என் உள்ளங்கையைப் பிடித்து அதில் சோப்பைத் தேய்த்தார். சொரசொரவென்று இருந்தது. பருமணலும் சிப்பித் தூளும்.

அதற்கு மேல் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் போர்வெல் போட்ட பிறகு யாரும் தொடாத கிணறுகள் உண்டு. அவற்றிலிருந்து எடுத்துப்போட்ட சிமெண்ட் உறைகள் வரப்போரம் கிடந்தன. அதில் நாலை டிராக்டரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, சேகரும் இன்னும் மூன்று பேருமாக இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, அந்த மணலில் இறக்கினோம். அனுமதி வாங்கவில்லை. வாங்கப் போனால் என் வேலைக்காலம் முடிந்திருக்கும். தப்புதான். விசாரிக்க வேண்டும் என்றால் விசாரிக்கட்டும்.

ஒரு வருஷம் கழித்து சேகரிடம் கேட்டேன். "உறை அப்படியே நிக்குதா?"

"நிக்குது."

"மீனு இருக்குதா?"

"இருந்தா உங்கிட்ட சொல்லுவனா?"

அந்தப் பதில் எனக்குப் போதும். இல்லை என்றால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பார். அந்த அம்மாளையும் கேட்டேன். சேகர் வலையில் சிப்பி ஒட்டி வருகிறது என்றார், வாயெல்லாம் பல்லாக. இடம் எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் சேகர் என்னை அந்த உறைக்குள்ளேயே போட்டுவிடுவார். இரண்டாவது தவணைக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இடம் அதை ஒட்டியே இருக்கிறது. கேட்கிற முறையில் கேட்டால் காட்டுவார்கள்.

முறைப்படி அறிக்கையும் எழுதினேன். கட்டைகள் சேற்றில் கிடக்கின்றன, என் கையெழுத்து இருக்கிற பழைய குறிப்பு பொய், அதைத் திருத்த வேண்டும் என்று. உறைகளைப் பற்றியும் மறைக்கவில்லை. எப்படி இடம் பார்ப்பது என்று விவரமாக எழுதினேன். மேலதிகாரி முதல் பக்கத்தை மட்டும் படித்தார்.

"பொம்பளைங்க வல ஒதறி சொன்னதெல்லாம் ரிப்போர்ட்டா? நீ ரிட்டயர் ஆவற வயசுல ஏன்யா இப்படி அலையற?"

அறிக்கையைப் பழைய கோப்புகளோடு கட்டி வைத்துவிட்டார். முதலில் அவர் ஓய்வு பெற்றார், பிறகு நான். நான் வீட்டுக்குப் போனேன். அவர் ஆலோசகராகத் திரும்பி வந்தார். பழைய இடத்துக்கு ஏற்கெனவே ஒப்புதல் இருக்கிறதாம், புதிதாகப் பார்க்கத் தேவையில்லையாம். பார்க்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. புதிய இடம் என்றால் பழைய இடம் ஏன் தோற்றது என்று யாராவது கேட்பார்கள்.

போன வாரம் சேகர் போன் செய்தார்.

"சார், கட்ட வந்து எறங்கிக் கெடக்குது. அதே எடமாம்."

"பஞ்சாயத்துல பேசினீங்களா?"

"பேசனோம். போன வாட்டி கெடுத்தவங்க நீங்க, இப்ப வாய மூடுங்கன்றாங்க. கையேட்டுலயே போட்டிருக்குதாம். இதுவும் போச்சுன்னா இந்த ஊருக்கு இனிமே ஒண்ணும் கெடையாதுன்றாங்க. இழுவலக்காரன் தெனமும் எங்க வாசல்ல வந்து வாரிக்கினு போறான்." பிறகு கேட்டார்: "இந்த வாட்டி கைய யாரு தூக்குவாங்க சார்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உங்களில் ஒருவர்.

அந்த ஒருவருக்குச் சொல்கிறேன். படகில் ஏறும்போது ஒரு துண்டு சோப்பு எடுத்துக்கொண்டு போங்கள். சேறு வந்தால் கையைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்காதீர்கள். கரையில் வெடி நமுத்துப்போனால் போகட்டும்.

ஆலோசகருக்கும் சொல்கிறேன். இதை யாராவது உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள், தெரியும். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். போன் செய்ய வேண்டாம். படகுகள் எல்லாம் கரைக்கு வந்து ஏலம் நடக்கிற காலை நேரத்தில் அந்தக் கொட்டகைக்கு வாருங்கள். சேகர் படகு தயாராக இருக்கும். நானும் வருவேன், அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டது நான் என்று முதல் ஆளாகச் சொல்வேன். நீங்கள் பென்சில் வைத்த இடத்துக்குப் போய், ஈயக்குண்டை உங்கள் கையாலேயே இறக்கி, உங்கள் கையாலேயே தூக்குங்கள். அதைக் கழுவாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். போன தடவை இருந்த அதே மைக் அங்கே இருக்கும். அந்தச் சோப்பில் ஒட்டியிருப்பது மணலா, சேறா என்று ஊர் முன்னால் சொல்லுங்கள்.